ரிப்பேர் சாமி

எங்கள் கோயில் பங்கில் இப்போது அவர் படம் மாட்டாத வீடு கிடையாது. படத்தில் சிரிக்கிறார். பின்னால் நீல வானம், தலையைச் சுற்றி வெளிச்சம். தருமபுரியில் எந்த ஸ்டூடியோக்காரன் கைவரிசையோ தெரியவில்லை. அடியில் "எங்கள் மறைசாட்சியே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் இருப்பவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஆளின் வெள்ளை அங்கியில் கிரீஸ் கறை இல்லாத நாள் இல்லை. விரல் நகங்களில் கறுப்பு ஏறியிருக்கும். அந்தக் கையால்தான் பூசையில் எங்களுக்கு நன்மை அப்பம் கொடுத்தார், நாங்களும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கினோம்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நல்லவன் என்று நினைத்துவிடக் கூடாது. தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவன். பங்குப்பேரவைச் செயலாளர். அந்தச் சாமியாரை ஊரைவிட்டு மாற்றச் சொல்லி ஆயருக்குப் போன மூன்று மனுக்களையும் எழுதியவன். கையெழுத்துப் போட்டவர்கள் எண்பது பேர் இருப்பார்கள், ஆனால் தமிழ் என்னுடையது. "மேற்படி பங்குத்தந்தை அவர்கள் தமது குருத்துவ மாண்புக்கு ஒவ்வாத வகையில்" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவனுக்குப் பாதி பயம் வந்துவிடும். முப்பது வருஷம் அதைத்தான் செய்தேன்.

எங்கள் ஊர் நல்லம்பள்ளியிலிருந்து மினி பஸ்ஸில் வருகிற தூரம். காலனி பள்ளத்தில் இருக்கிறது, நாங்கள் இருக்கிற ஊர்த்தெரு மேட்டில், கல்லறைத் தோட்டம் அதற்கும் மேலே. கோயில் நடுவில். தெரு இரண்டானாலும் எல்லாரும் கத்தோலிக்கர்கள்தான். ஒரே பூசை, ஒரே பீடம். வெள்ளைக்காரச் சாமியார்கள் காலத்தில் கோயிலுக்குள் நடுவில் கிராதி போட்டிருந்தார்களாம். கிராதியை எடுத்துவிட்டார்கள், ஆனால் இன்றைக்கும் கிராதி இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள்.

அவர் எங்கள் பங்குக்கு வந்த முதல் வாரம், எல்லாரும் ஒரு காரியத்தைத்தான் தெரிந்துகொள்ளத் துடித்தோம். சாமியார் எந்தத் தெரு? நேரடியாகக் கேட்க முடியாது. ஆகவே சுற்றி வளைத்துக் கேட்டோம். "சாமிக்குச் சொந்த ஊருங்க?" கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு ஊரைச் சொன்னார். "அங்க நம்மாளுங்க நெறைய இருக்காங்களே, எந்தப் பக்கமுங்க வூடு?" பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் என்றார். "அப்பா என்ன பண்ணிக்கிட்டு இருந்தாருங்க?" லாரிப் பட்டறை வைத்திருந்ததாகச் சொல்லிவிட்டு, என் டிவிஎஸ் மொபெட்டைப் பார்த்தார். "செயின் தளர்ந்து கெடக்குங்களே. ஒரு நிமிசங்க, பாத்துர்றேன்." அங்கிப் பாக்கெட்டில் கையை விட்டுப் பன்னிரண்டு-பதிமூன்று சைஸ் ஸ்பேனர் ஒன்றை எடுத்தார். ஜெபமாலை இருக்கவேண்டிய பாக்கெட் அது. நான் வந்த வேலை மறந்து, மண்ணில் குந்தியிருக்கும் சாமியாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எந்தத் தெரு என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. அதுவே எங்களுக்கு ஒரு வயிற்றெரிச்சல்.

கெட்டுப்போன ஒரு பொருளைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவரால் முடியாது. அது ஒரு வியாதி. பிரசங்கத்துக்கு நடுவில் மின்விசிறி கடகடத்தால் கண் அங்கே போய்விடும், பேச்சு தடுமாறும். பூசை முடிந்து நாங்கள் வெளியே வருவதற்குள் ஸ்டூலில் ஏறியிருப்பார். காலனித் தெருக்குழாய், பள்ளிக்கூட மணி, யாரோ ஒரு விதவையின் தையல் மெஷின், பஞ்சாயத்து போர்வெல்லின் ஸ்டார்ட்டர் பெட்டி, எல்லாவற்றிலும் அவர் கை பட்டிருந்தது. இளவட்டங்கள் ரிப்பேர் சாமி என்று பெயர் வைத்தார்கள். அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். அவரும் "என்னங்க?" என்று திரும்புவார். பத்து வயசுப் பொடியனுக்கும் அதே 'ங்க'தான். காலனியில் பீடி சுற்றுகிற கிழவிக்கும் அதே 'ங்க'. அது எங்களுக்குக் காதில் உறுத்தியது.

இன்னொன்று. அவர் ஒருநாளும் நியாயம் பேசியதில்லை. எல்லாரும் சமம், எல்லாரும் கடவுளின் பிள்ளைகள் என்று முழங்கிய சாமியார்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். அவர்களை எங்களுக்குப் பிடிக்கும். பிரசங்கத்தை மெச்சிவிட்டு, அவரவர் பக்கம் நடையைக் கட்டுவோம், ஒன்றும் மாறாது. இவர் எதற்கும் ஒரு மெக்கானிக் காரணம்தான் சொல்வார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு தடவை அடுத்த கிராமத்துப் பையன்கள் தீர்த்தமலைச் சிவன் கோயிலுக்குப் போகிற வேன் எங்கள் கோயில் வாசலில் நின்றுவிட்டது. இவர் வெளியே வந்தார், வண்டிக்கு அடியில் படுத்தார். அரைமணி நேரம் அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் ரோட்டில் தெரிந்தன. வண்டி கிளம்பியது. மறுநாள் அந்தப் பையன்கள் திரும்பும்போது வேனை நிறுத்தி, மலைக்கோயில் பொங்கலைத் தொன்னையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் வாசலிலேயே நின்று தின்றார். "சாமி, நீங்க இதச் சாப்புடலாமுங்களா?" என்று கேட்டேன். "உப்பு கொஞ்சம் கம்மிங்க" என்றார். இரண்டாவது மனுவில் இதை ஒரு முழுப் பத்திக்கு எழுதினேன்.

வண்டிக்கு வருகிறேன். கதையே அந்த வண்டிதான்.

செத்தவர்களின் பெட்டியை வைத்துக் கல்லறைக்குத் தள்ளிக்கொண்டு போக எங்கள் பங்கில் இரண்டு வண்டிகள் இருந்தன. எங்கள் வண்டி கோயில் கொட்டகையில் நிற்கும். தேக்கு மேல்கட்டு, நாலு மூலையிலும் இறக்கை விரித்த நாலு சம்மனசு பொம்மை, பக்கத்துக்கு ஒரு கண்ணாடி. காலனி வண்டி அவர்களுடைய சிலுவை நட்ட அந்தோணியார் குருசடிக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் மழையிலும் வெயிலிலும் கிடக்கும். எங்கள் வண்டி ஊர்த்தெரு வழியாகக் கல்லறைக்குப் போகும். அவர்கள் வண்டி தெருவுக்குள் வராது, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகும். இதை யாரும் எழுதிவைக்கவில்லை, எழுதச் சொல்லியிருந்தால் நானே எழுதியிருப்பேன்.

அந்த வருஷம் இரண்டு வண்டியும் கெட்டுப்போயிருந்தன. எங்களுடையது கொட்டகையில் நின்று நின்று அடிப்பாகம் துருப்பிடித்து, சக்கரம் சுற்றவில்லை. அவர்களுடையதில் அடிப்பாகம் கல் மாதிரி இருந்தது, மேல் பலகை உளுத்துப்போயிருந்தது. இரண்டையும் சரிபண்ணித் தருகிறேன் என்று சாமியார் சொன்னார். எங்களுக்குச் சந்தோஷம். கொட்டகைச் சாவியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கொட்டகையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு வண்டிதான் நின்றது. எங்கள் மேல்கட்டு, அவர்கள் சக்கரம். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார், சம்மனசுகளின் இறக்கைக்குக்கூட.

என் தம்பி கேட்டான். பேரவைக்குத் தலைவன் அவன்தான். "இன்னொரு வண்டி எங்கங்க?"

"இதுதாங்க ரெண்டும்" என்றார். "ஒவ்வொண்ணுலயும் பாதிதாங்க நல்லா இருந்துச்சு. வேஸ்ட் பண்ண மனசு வரலீங்க."

தம்பி குனிந்து பார்த்தான். நானும் குனிந்தேன். மேல்கட்டையும் அடிச்சட்டத்தையும் சேர்க்கிற இடத்தில் இரும்புப் பட்டை வைத்து, சுற்றிலும் வெல்டிங் அடித்திருந்தார். ஆறு வருஷமாக நான் இதைத்தான் யோசிக்கிறேன். எட்டு போல்ட் போட்டு முடுக்கியிருந்தால் போதும், வண்டி ஓடும். கழற்றவும் முடியும். பட்டறையில் வளர்ந்த ஆளுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் வெல்டிங் அடித்தார் என்பது என் கணிப்பு. அவரிடம் கேட்டபோது, "போல்ட்டு ஆட்டத்துல லூசாயிருங்க" என்றார், அவ்வளவுதான்.

அன்று சாயந்திரம் ஊர்க்கூட்டம். கிரைண்டர் மெஷின் வைத்து வெல்டிங்கை அறுத்துவிடலாம் என்றான் ஒருவன். அறுத்து என்ன பயன் என்றான் என் தம்பி. "அவனுங்க சக்கரத்து மேல ஏறி உக்காந்த கட்டைய இனி நம்ம வூட்டுப் பொணத்துக்கு வெப்பீங்களா?" எல்லாரும் தலையாட்டினார்கள். இருபது வருஷம் எங்கள் அப்பாக்களையும் சித்தப்பாக்களையும் சுமந்த தேக்கு ஒரு வாரத்தில் தீட்டாகிவிட்டது. நானும் தலையாட்டினேன். படித்தவன், பென்ஷன் வாங்குகிறவன், பைபிள் வாசகம் வாசிக்கிறவன் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு நாங்கள் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. முதலில் சமையல்காரம்மாவை நிறுத்தினோம். அவர் தானே அரிசி களைந்தார். சாமியார் வீட்டுக்குப் போகிற தண்ணீர்க் குழாயை வெட்டினார்கள். அவர் ஒரு சாக்கெட் வாங்கிவந்து ஒட்டினார். மறுபடி வெட்டினார்கள், மறுபடி ஒட்டினார். ஜன்னல் கண்ணாடிக்குக் கல் வந்தது. அட்டையை வைத்து அடைத்தார், பிறகு கண்ணாடி போட்டார். அவருடைய மோட்டார் சைக்கிள் டயரில் ஆணி இறக்கினார்கள். பஞ்சர் ஒட்டுகிற டப்பா அவரிடமே இருந்தது. கோயில் மணிக்கயிற்றை அறுத்தபோது கயிற்றுக்குப் பதில் சங்கிலி போட்டார், அதை அறுக்க முடியவில்லை. யார் செய்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவர் ஒருதடவை கத்தியிருந்தால், பீடத்திலிருந்து சபித்திருந்தால், எங்களுக்கு மனசு ஆறியிருக்கும். அவர் அடுத்த நாள் ஸ்பேனரோடு வந்து நிற்பார். அதுதான் எங்கள் ஆட்களைக் கொதிக்கவைத்தது.

நடுவில் என் அம்மா செத்துப்போனார். கொட்டகையில் வண்டி தயாராக நிற்கிறது. எங்கள் அம்மாவுக்கு அந்தச் சம்மனசுகளை ரொம்பப் பிடிக்கும், என்னையும் அதுலதாண்டா கொண்டுபோகணும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தம்பி தருமபுரியிலிருந்து வேன் பிடித்து வந்தான். கண்ணாடி போட்ட வெள்ளை வேன், பக்கவாட்டில் பிளாஸ்டிக் பூ. சாமியார் பூசை வைத்து, தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு வேனுக்குப் பின்னால் நடந்தார். மேட்டில் ஏறும்போது வேன் நின்றுவிட்டது. டிரைவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், கர்கர் என்கிறது, கிளம்பவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே என் அம்மா. கொட்டகை எட்டிப்பிடிக்கிற தூரத்தில். ஊரே கீழே பார்த்துக்கொண்டு நிற்கிறது, ஒருவரும் வண்டி என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை.

அவரும் எடுக்கவில்லை. ஒரு பார்வை, ஒரு சிரிப்பு, ஒன்றும் இல்லை. "ஒரு நிமிசங்க" என்று ஜெபப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார், பானெட்டைத் தூக்கினார், கழுத்தில் தொங்கிய கறுப்பு ஸ்டோலாப் பட்டையைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு உள்ளே குனிந்தார். தன்னை அவமானப்படுத்த வரவழைத்த வேனைத் தன் கையாலேயே ஓடவைத்தார். என் அம்மா கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தார். எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் பத்து நாள் கழித்து மூன்றாவது மனுவை எழுதினேன். "கோயில் உடைமையைச் சேதப்படுத்திய குற்றத்திற்காக" என்று அதில் இருக்கிறது.

மனு பலித்தது. மே மாதத்திலிருந்து அவருக்கு வேறு பங்கு என்று உத்தரவு வந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் அவரே பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருப்பார். அதற்குள், ஏப்ரலில், தவக்காலக் கடைசியில் காலனியில் லூர்துமேரியின் அப்பா செத்துப்போனார்.

லூர்து பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறவள். மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தாள். முந்தின இரண்டு நாள் கோடைமழை கொட்டியிருந்தது. சாமியார் கொட்டகையிலிருந்து வண்டியைத் தானே காலனிக்குத் தள்ளிக்கொண்டு போனார். காலனிப் பெரியவர்களே அவரிடம் ஏரிக்கரை வழியாகப் போய்விடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கரையெல்லாம் சேறுங்க, பாரத்தோட சக்கரம் எறங்கிரும். ரோட்டுலயே போயிரலாம்" என்றாராம். வழக்கம்போல ஒரு மெக்கானிக் காரணம்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் என் வீட்டு கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். பள்ளத்திலிருந்து ஜெபச் சத்தம் ஏறி வந்தது. வண்டியைச் சாமியார் பின்னாலிருந்து தள்ளுகிறார், பக்கத்துக்கு ஒருவராகக் காலனி ஆட்கள் இரண்டு பேர், பின்னால் லூர்துவும் மற்றப் பெண்களும். தெரு முனையில் எங்கள் ஆட்கள் பதினைந்து பேர் குறுக்கே வந்தார்கள். முன்னால் என் தம்பி. கையில் மோட்டார் ரூமில் கிடந்த ஜிஐ பைப். தள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் பிடித்து இழுத்துவிட்டார்கள். சரிவில் வண்டி பின்னோக்கி வந்தது. சாமியார் ஒருத்தர்தான், காலை ஊன்றி, தோளைக் கொடுத்து அதை நிறுத்தினார்.

"வண்டிய விடுய்யா" என்றான் என் தம்பி.

"கையெடுத்தா உருண்டுருங்க, பின்னால பொம்பளைங்க இருக்காங்க. ஒரு நிமிசங்க, இந்த மேட்டத் தாண்டிக்கிறேன். அப்புறம் பேசிக்கலாம்."

தம்பி அடித்தான். முதல் அடி தோளில். சாமியார் கையை எடுக்கவில்லை. இரண்டாவது அடி தலையில். தலைக்கு நேராக ஒரு பைப் வரும்போது எவனுக்கும் கை தானாக மேலே போகும். அவர் கை போகவில்லை. இரண்டு கையும் வண்டியிலேயே இருந்தன. லூர்துவும் பெண்களும் ஓடிவந்து வண்டியைத் தாங்கிப் பிடித்த பிறகுதான் அவர் விழுந்தார். நான் கேட்டைத் திறக்கவில்லை. பத்தடி தூரம் கூட இருக்காது.

தருமபுரி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் விடியற்காலையில் உயிர் போயிற்று. அன்றைக்கே கூட்டம். தம்பி அழுதான், அது பொய்யழுகை இல்லை.  "கொல்லணும்னு அடிக்கலண்ணா" என்றான். பிறகு யாரோ ஒரு பெரியவர் ஒரு யோசனை சொன்னார். இந்தக் காலத்தில் சாமியார்களை அடிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே. அவர்களில் யாரோ வந்து அடித்தார்கள் என்றால் எவன் நம்பமாட்டான்? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேப்பரை எடுத்தேன். "இரண்டு மோட்டார் சைக்கிள்களில் முகத்தைத் துணியால் மறைத்துவந்த அடையாளம் தெரியாத நபர்கள் நால்வர், மதத்துவேஷத்துடன் கோஷமிட்டவாறு" என்று எழுதினேன். கோஷத்தைக்கூட நானே யோசித்து எழுதினேன்.

போலீஸ் அடுத்த கிராமத்துப் பையன்கள் நாலு பேரை அள்ளிக்கொண்டு போய் வைத்திருந்து, ஒன்றும் கிடைக்காமல் விட்டது. வெளியே வந்தவர்களில் ஒருவனுக்குக் கால் சரியாக ஊன்றவில்லை. தீர்த்தமலைக்குப் போன வேனை ஓட்டியவன் அவன். சாமியாரை அடக்கம் பண்ணின அன்று ஸ்டேஷனில் இருந்ததால், அவருக்கு ஒரு பிடி மண் போட முடியவில்லையே என்று அழுததாகக் கேள்விப்பட்டேன்.

அடக்கம் பிரமாதம். ஆயர் வந்தார், நூறு சாமியார்கள் வந்தார்கள், டிவிக்காரர்கள் வந்தார்கள். வேதத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி என்று பேனர் வைத்தது யார் என்று தெரியவில்லை, ஒரே நாளில் எல்லா வாயிலும் அதுதான். கோயில் வளாகத்திலேயே சலவைக்கல்லில் சமாதி. பெட்டியை முன்னால் சுமந்தவன் என் தம்பி. இப்போது நினைவு மண்டபக் கமிட்டிக்கும் அவன்தான் தலைவன். செவ்வாய்க்கிழமைதோறும் நவநாள் ஜெபம். சேலத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். ஊர்த்தெருவுக்குப் புது வண்டி வந்துவிட்டது. பழைய வண்டி கொட்டகைக்குப் பின்னால் குப்புறக் கிடக்கிறது. காலனிக்காரர்கள் மூங்கில் பாடை கட்டி, மறுபடியும் ஏரிக்கரை வழியாகத்தான் போகிறார்கள்.

போன மாதம் மறைமாவட்டத்திலிருந்து ஒரு சாமியார் சாட்சியம் எழுத வரப்போகிறார் என்று அறிவிப்பு வந்தது. புனிதர் பட்டத்துக்கு ரோமுக்கு அனுப்புகிற கோப்பு. அவர் வருவதற்கு முந்தின நாள் லூர்து என் வீட்டுக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை.

"சார், நாங்க அன்னைக்கே ஸ்டேசன்ல சொன்னோம், எழுதலீங்க. ஆயர் வூட்ல சொன்னோம், செபம் பண்ணுங்கன்னாங்க. எங்க வாயில வந்தா அது பேச்சு, உங்க கையில வந்தாத்தான் அது எழுத்து. சாமியப் பீடத்துல வெக்கிறதும் வெக்காததும் உங்க பாடுங்க. எங்கப்பன் பெட்டியத் தள்ளிக்கிட்டு வந்ததுக்காகச் செத்தாருன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. அது போதுங்க எங்களுக்கு."

 சொல்லிவிட்டு அவள் மினி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

விசாரணைக்கு வந்த சாமியார் சின்ன வயசுக்காரர், ரோமில் படித்தவர், மரியாதையானவர். லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு நல்ல நல்ல கேள்விகளாகக் கேட்டார். தாழ்ச்சி, பொறுமை, ஜெப வாழ்வு. எல்லாவற்றுக்கும் இருந்தது என்றேன், இருந்ததுதானே. கடைசியில், "அடிச்சவங்களப் பத்தி உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமாங்க?" என்றார்.

"தெரியுங்க சாமி. என் தம்பி. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அவர் விரல் நின்றுவிட்டது. முழுவதையும் சொன்னேன். வண்டி, வெல்டிங், மேடு, பைப், நான் எழுதின புகார். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஐயா, வேதத்த வெறுக்கிறவன் கையால செத்தாத்தாங்க மறைசாட்சி. அதுதான் சட்டம். ஞாயித்துக்கிழமை தவறாம நன்மை வாங்குறவன் கையால செத்தா அத எப்பிடிங்க ரோமுக்கு எழுதுறது? இது உள்ள வந்துச்சுன்னா இந்தக் கோப்பு இதோட நின்னுரும். உங்க ஒரு வார்த்தைல இருக்குங்க, அவரு புனிதராகறதும் ஆகாததும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். பொய் சொன்னால் அவர் பீடத்தில் ஏறுவார். உண்மையைச் சொன்னால், தெருவில் அடிபட்டுச் செத்த ஒரு ஆளாக இறங்கிவிடுவார். உயிரோடு இருந்தபோது மூன்று மனு எழுதி அவரைக் கீழே தள்ளப் பார்த்தவன், செத்த பிறகு நாலாவது தடவையும் தள்ளவேண்டுமா என்று நினைத்தேன். ஆனால் எங்களுக்கு அவர் பீடத்தில் இருப்பதுதான் சௌகரியம். கல்லாக நிற்பார். கொட்டகைக்குப் பின்னால் குப்புறக் கிடக்கிற வண்டியை நிமிர்த்த இறங்கி வரமாட்டார். மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு நாங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

"நான் சொன்னது சொன்னதுதாங்க" என்றேன்.

அவர் லேப்டாப்பை மூடினார். மூடுவதற்கு முன்னால் எழுதினாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவர் எழுதுவதை நம்பி நான் உட்கார்ந்திருக்க முடியாது. நேராக வீட்டுக்கு வந்து, மேஜையில் வெள்ளைத்தாளை வைத்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு என்று ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் முந்தின புகார் பொய், அதை எழுதியவன் நான் என்பதை எழுதினேன்.

அதற்குள் ஊருக்குச் சேதி தெரிந்துவிட்டது. தம்பி வந்தான். சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தான். கழுத்தில் அவர் படம் போட்ட டாலர் தொங்கியது. கண் கலங்கியிருந்தது.

"என்னண்ணா இப்பிடிப் பண்ணிப்புட்ட? எத்தினி சனம் வந்து அழுதுட்டுப் போவுது. நம்மூருக்குன்னு ஒரு புனிதர் வர இருந்தாரே. அவரக் கெடுத்துட்டியேண்ணா. அந்த மனுசனுக்கு இப்பிடி ஒரு துரோகம் பண்ண உனக்கு எப்பிடி மனசு வந்துச்சு?"

மனப்பூர்வமாகத்தான் கேட்டான். அவன் முகத்தில் துளி நடிப்பு இல்லை. நான் பேனாவை எடுத்தேன். மனுதாரர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, தகப்பனார் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதினேன். எதிரி என்ற இடத்தில், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் பெயரை எழுதினேன். பக்கத்தில் தகப்பனார் பெயர் என்று போட்டு, அதே பெயரை இரண்டாம் தடவையும் எழுதினேன்.